சோழவரம் போன ஹெரால்டு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சார், பழைய கதையா இருக்கணும், ஆனா இப்ப படிக்கிற பசங்களுக்கும் உபயோகமா இருக்கணும்" என்றார்கள். இரண்டும் ஒருசேர அமைவது கடினம்தான். ஆனால் சென்ற பொங்கலுக்கு முன்பு எந்திரவியல் மாணவர்கள் நால்வர், போட்டிக்காகத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கும் பந்தயக் காருக்கு நன்கொடை கேட்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் என் மேசையில் காகிதங்களின் மேல் பாரமாக வைத்திருக்கும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், ஏதாவது விளக்கா?" என்று கேட்டான். அது விளக்கல்ல. தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் மூன்றாவது சிலிண்டரிலிருந்து வெளியே வந்தது. அதன் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே, நம் நாட்டில் கார் இஞ்சினை வேகத்துக்காக மாற்றியமைத்த வரலாற்றையும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

நான் நம் கல்லூரியில் படித்தது 1974 முதல் 1979 வரை. அப்போது பொறியியல் ஐந்தாண்டுப் படிப்பு. கடலூரும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. கடலூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1993-ல்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒன்றை எங்களில் பெரும்பாலோர் படத்தில் பார்த்ததோடு சரி. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது சாமானியருக்கு நடக்கிற காரியமல்ல. உள்நாட்டில் கிடைத்தவை மூன்றே மூன்று: கல்கத்தா பக்கத்திலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், நம் சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் குடும்ப வண்டிகள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவை.

ஆனால் இந்த மூன்று வண்டிகளின் முகப்பைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மூன்றின் இஞ்சினுக்கும் வெளிநாட்டில் பந்தய வண்டிகளில் உடன்பிறப்புகள் இருந்தன!

அம்பாசிடரின் 1489 சி.சி. இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற அழகான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து 1489 சி.சி. இஞ்சின்தான். நம்மூரில் அது ஏறக்குறைய 50 குதிரைத்திறன் கொடுத்தது. அங்கே இரண்டு கார்புரேட்டரும் வேறு சில மாற்றங்களும் செய்து 70-ஐ ஒட்டி வாங்கினார்கள். ஃபியட் 1100 இஞ்சின், 68 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டர் வீச்சு, 1089 சி.சி. உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், இத்தாலியில் பியரோ துசியோ என்பவர் சிஸிடாலியா என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஃபியட் 1100-ன் இஞ்சினைத்தான். பின்னர் 1950-களின் இறுதியில் ஸ்டாங்குவெல்லினி என்பவரும் ஃபார்முலா ஜூனியர் பந்தயத்துக்கு இதே இஞ்சினைச் செதுக்கிச் செதுக்கி வேலை வாங்கினார். பம்பாய் டாக்ஸிக்காரர் முடுக்கிக்கொண்டிருந்த அதே இஞ்சின்!

ஹெரால்டின் கதை இன்னும் சுவையானது. 948 சி.சி. இஞ்சின், விட்டம் 63, வீச்சு 76. இங்கிலாந்தில் 1959-ல் ஹெரால்டு வந்தபோது சாதாரண சலூனுக்கு ஒரு கார்புரேட்டர், சுமார் 35 குதிரைத்திறன். அதே ஆண்டு, அதே இஞ்சின், கூபே வண்டியில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டருடன் சுமார் 45. பிறகு சிலிண்டர் விட்டத்தை 69.3 ஆக்கி 1147 சி.சி. ஆக்கினார்கள்; அதை 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். அந்த ஸ்பிட்ஃபயர்கள் 1965-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தங்கள் வகுப்பில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன.

ஆக, வண்டி இல்லையே என்று நாம் ஏங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் நம் வீட்டு வாசலிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப ஆள்தான் வேண்டும்.

எழுப்புவது எப்படி? இன்றைய மாணவர்களுக்கு இது பாடம், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 பங்கு எடை காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது சுலபம், காற்றைக் கூடுதலாக உள்ளே இழுப்பதுதான் கஷ்டம். ஹெரால்டு இஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், முழுவதும் நிரம்புவதாகக் கணக்கிட்டால் 1896 லிட்டர் காற்று. உண்மையில் அவ்வளவு நிரம்பாது. கார்புரேட்டரின் குறுகலான தொண்டை, மேனிஃபோல்டின் வளைவு, வால்வைச் சுற்றியுள்ள சொரசொரப்பு எல்லாம் தடை. இந்தத் தடைகளை நீக்குவது முதல் வேலை. உள்ளே வந்த காற்றை இன்னும் இறுக்கி அமுக்குவது, அதாவது அமுக்க விகிதத்தை உயர்த்துவது, இரண்டாவது வேலை. சுற்றுகளை உயர்த்தினால் உடைந்து போகாதபடி அசையும் பாகங்களைச் சமன்செய்வது மூன்றாவது. டர்போ, கணினி எல்லாம் பின்னால் வந்தவை. அன்றைக்கு இவ்வளவுதான்.

இப்படி எழுப்பிய வண்டிகளையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சோழவரம் போகவேண்டும். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட் தளத்தைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தியது. வருஷா வருஷம் பிப்ரவரியில் அங்கே திருவிழாதான். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். மகாராஜாக்கள் தங்கள் வெளிநாட்டு வண்டிகளைக் கொண்டுவருவார்கள். 1980-களில் விஜய் மல்லையா என்ஸைன் என்ற ஃபார்முலா 1 காரையே ஓட்டினார். ஆனால் எங்கள் கண் அவற்றின் மேல் இல்லை. அவற்றோடு ஒரே தளத்தில், பம்பரைக் கழற்றி, பின்சீட்டைக் கழற்றி, சைலன்ஸர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழாயைச் சொருகிக்கொண்டு ஓடிய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும்தான் எங்கள் கதாநாயகர்கள். அவற்றின் பின்னால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேஸ்திரி இருந்தார். அவர்கள் பெயர் பரிசுக் கோப்பையில் வராது.

அப்படி ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் அழைத்தது, நானும் அப்படியே எழுதுகிறேன். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் சிறு வயதில் ஃபிட்டராக இருந்து, பிறகு துறைமுகத்தில் மீன்பிடி விசைப்படகு இஞ்சின்களைப் பார்த்து, கடைசியில் கெடிலம் ஆற்றுப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகையில் பட்டறை போட்டவர். இஞ்சின் ஓடும்போது நீளமான திருப்புளியின் நுனியை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "மூணாம் நம்பர் டேப்பட் தளர்ந்திருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். கீழவீதிப் பக்கம் ஆஸ்பத்திரி. 1960-களின் கடைசியில் வாங்கிய ஹெரால்டு ஒன்று வைத்திருந்தார். நோயாளிகளின் வீட்டுக்கு அதில்தான் போவார். மனுஷருக்கு வேகப் பைத்தியம். சோழவரத்துக்குப் பார்வையாளராக ஏழெட்டு வருஷம் போய்வந்து, "ஒரு தடவை நாமும் ஓட்டிப் பார்த்துடணும்" என்று முடிவுசெய்துவிட்டார். காரைப் பற்றி யார் பேசினாலும் ஹார்லிக்ஸ் கொடுத்து உட்காரவைப்பார். நான் அப்படித்தான் அவருக்கு அறிமுகமானேன். இறுதியாண்டு எந்திரவியல் மாணவன், உள்ளெரி இஞ்சின் பாடத்தில் நல்ல மதிப்பெண். "மேஸ்திரி கை, உன் மூளை. ரெண்டும் சேர்ந்தா போதும்ப்பா" என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்கழியில் வேலை தொடங்கியது. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் ரயிலில் கடலூர் போய்விடுவேன். ஹெரால்டில் ஒரு வசதி, முகப்பு முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இஞ்சின் வேலை பார்க்கலாம். மேஸ்திரி அந்த டயரின் மேல் ஒரு சாக்கைப் போட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

முதலில் ஹெட்டைக் கழற்றினோம். வார்ப்பிரும்பு ஹெட். மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் படி நின்றது. காற்று வேகமாக வந்து அந்தப் படியில் முட்டும். மேஸ்திரி சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு முகத்தில் தடவி, மற்றதை அழுத்தி எடுத்து, எங்கே தேய்க்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கம்பியின் நுனியைப் பிளந்து, அதில் எமரித் தாளைச் சுற்றி, கை டிரில்லில் மாட்டி, பொறுமையாக இழைத்தார். நான்கு நாள் இதே வேலை. அளவுகோல் அவருடைய சுண்டுவிரல். உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார், தலையை ஆட்டுவார், மறுபடியும் இழைப்பார். பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆக்கவேண்டும் என்று நான் சொன்னேன். "வழவழப்பு முக்கியம் இல்ல தம்பி, வளைவுதான் முக்கியம். ஆத்துத் தண்ணி எப்படித் திரும்புதுன்னு பாத்திருக்கீங்களா?" என்றார். இது எவ்வளவு சரி என்பது பிற்காலத்தில் காற்றோட்டப் பரிசோதனை மேசைகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வால்வு இருக்கைக்குச் சற்று மேலும் கீழும் உள்ள வளைவில்தான் பெரும்பகுதி லாபம் இருக்கிறது.

கனெக்டிங் ராடுகளைச் சமன்செய்ய வேண்டும். நான்கும் ஒரே எடை இருந்தால்தான் அதிகச் சுற்றில் இஞ்சின் நடுங்காது. துல்லியமான தராசுக்கு எங்கே போவது? கூடலூர் ஓ.டி.யில் ஒரு பத்தர் கடை. நகை நிறுக்கிற இடத்தில் எண்ணெய் வழியும் இரும்பு ராடுகளைக் கொண்டுபோய் வைத்ததும் பத்தர் முறைத்தார். மேஸ்திரி, "ஐயரே, இதுவும் தங்கந்தான்" என்று சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். எடை கூடியவற்றை அரத்தால் தேய்த்துத் தேய்த்து நான்கையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தோம். பழைய அம்பாசிடர்களிலிருந்து கழற்றிய எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு கிடைத்தன. அவற்றுக்கு ஏற்ற மேனிஃபோல்டை மேஸ்திரியே இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்துச் செய்தார்.

இதுவரை எல்லாம் நல்லபடி நடந்தது. அடுத்து அமுக்க விகிதம். இது என்னுடைய துறை என்று நான் நினைத்தேன்.

வேதியியல் ஆய்வகத்தில் அன்பான உதவியாளர் ஒருவர் எனக்கு ஒரு பியூரெட்டை இரவல் கொடுத்தார். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, மேலே ஒரு கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ஒரு சிறு துளை வழியாகப் பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயை விட்டு அறையின் கொள்ளளவை அளந்தேன். எல்லாம் சேர்த்து ஒரு சிலிண்டருக்கு 34 சி.சி. வந்தது. சிலிண்டரின் வீச்சுக் கொள்ளளவு 236.9. இரண்டையும் கூட்டி 34-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8. ஆக விகிதம் 8-க்கு 1. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் அறை சிறுக்கும், விகிதம் ஏறும். 80 தௌ சீவினால், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் எண்பது பங்கு, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், விகிதம் 9.5 ஆகும். நூலகத்தில் இருந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இந்த வகை இஞ்சினுக்கு 9.5 பரவாயில்லை என்றது. அதை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, மேஸ்திரியிடம் காட்டினேன்.

அவர் சுவரில் சாக்கட்டியால் 40 என்று எழுதினார். "நாப்பது போதும் தம்பி. நம்ம பெட்ரோலு தாங்காது."

"கணக்குப்படி 80 வருது மேஸ்திரி."

"கணக்கு சரிதான். புஸ்தகத்துல பெட்ரோலு என்ன நம்பர்னு போட்டிருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன். அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அவர் கேட்டதுதான் கேள்வி. அமுக்கம் கூடக் கூட, பொறி விழுந்து நெருப்பு பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் கலவை சூட்டில் தானாகவே வெடித்துவிடும். இஞ்சின் தட்டுகிறது என்று நாம் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான். இதைத் தாங்கும் சக்தியைக் குறிப்பது ஆக்டேன் எண். இங்கிலாந்தில் அன்று பரவலாக விற்ற நான்கு நட்சத்திர பெட்ரோலுக்கு அது 97. நம்மூர்ச் சாதாரண பெட்ரோல் அதற்கு வெகு கீழே. இன்றைக்கே சாதாரண பெட்ரோல் 91-ல் இருந்து தொடங்கியது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் 95-ஐத் தொடுகிறது. கரும்பிலிருந்து வரும் சாராயம் தட்டலை அடக்கும் என்று அன்று மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தால், நெல்லிக்குப்பத்துப் பழைய சிநேகிதர்களைப் பிடித்திருப்பார்!

டாக்டரிடம் போனேன். "மேஸ்திரி பழைய காலத்து ஆள், பயப்படறார் சார்" என்று சொன்னேன். டாக்டர் என் பக்கம் தீர்ப்பளித்தார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. ஹெட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், 80 சீவிக்கொண்டு வந்தார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பாடத்தில் வரும் ஆட்டோ சுழற்சியின் திறன் வாய்பாட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 8 விகிதத்துக்கு 56.5 சதவீதம். மேஸ்திரி சொன்ன 40 தௌ, அதாவது 8.65 விகிதத்துக்கு, 57.8. நான் பிடிவாதம் பிடித்த 9.5-க்கு 59.4. அவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், வாய்பாட்டின் கணக்கிலேயே, மூன்று சதவீதம்கூட இல்லை. வாய்பாடு என் கையில்தான் இருந்தது. போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை நான்கரைக்கு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். வெளிச்சம் வந்துவிட்டால் சாலை முழுவதும் கதிரடிக்க நெல்தாளைப் பரப்பிவிடுவார்கள், ஓட்ட முடியாது. கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நிறுத்துகடிகாரம் பிடித்தேன். வேலை செய்வதற்கு முன் ஒரு கிலோமீட்டருக்கு 34 விநாடி ஆனது. இப்போது 29. அதாவது மணிக்கு 106 கிலோமீட்டர் போன டாக்டர் வீட்டு ஹெரால்டு 124 போனது. குளிர்ந்த காலைக் காற்றில் தட்டல் சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. மேஸ்திரி மட்டும், "வெயில்ல எப்படியோ" என்றார்.

சோழவரத்தில் வெயில் இருந்தது. கூட்டமும் புழுதியும் ஆமணக்கு எண்ணெய் கருகும் வாசனையும் ஒலிபெருக்கியும். டாக்டர் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பயிற்சிச் சுற்று இரண்டும் பிரமாதம். நேர்ப்பாதையில் ஒரு ஃபியட்டைத் தாண்டியபோது நான் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. பந்தயத்தின் மூன்றாவது சுற்றில் வண்டி எங்களைக் கடந்தபோது, தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். மேஸ்திரி என் தோளைப் பிடித்தார். "போச்சு தம்பி" என்றார் மெதுவாக. அடுத்த சுற்றில் வண்டி வரவில்லை. ஓடுதளத்தின் கோடியில் வெள்ளைப் புகை தெரிந்தது.

அலுமினியம் அது, ஏற்கெனவே சூடாக இருந்தது, தட்டல் அதன்மேல் சம்மட்டி போல் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பொத்துக்கொண்டது. டாக்டர் புழுதியும் வியர்வையுமாக நடந்து வந்து, "என்ன ஆச்சு?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி சொன்னார்: "என் தப்புதான் டாக்டர் சார். அளவு கொஞ்சம் ஜாஸ்தியா சீவிட்டேன். பட்டறைக்காரன்கிட்ட நான் நின்னு பாத்திருக்கணும்."

நான் அவர் சொன்னதைத் திருத்தவில்லை. பக்கத்தில்தான் நின்றேன்.

பிஸ்டன் செட்டை அவர் தன் பணத்தில் வாங்கிப் போட்டார். ஒரு மாதம் டாக்டர் நோயாளிகளின் வீடுகளுக்கு சைக்கிள் ரிக்ஷாவில் போய்வந்தார். மேஸ்திரியைப் பற்றி ஊரில் "கை நல்ல கைதான், ஆனா ஒரு தடவை சோழவரத்துல கோட்டை விட்டுட்டாரு" என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. ஏப்ரலில் எனக்குத் தேர்வு. மே மாதம் நான் ஊரைவிட்டுப் போய்விட்டேன்.

இதற்குப் பின் நாட்டில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது, 796 சி.சி., மூன்று சிலிண்டர். கோயம்புத்தூரின் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், தானே தேர்ந்த பந்தய ஓட்டுநர், அந்த இஞ்சினைப் பின்பக்கம் வைத்து ஃபார்முலா மாருதி என்ற சிறு ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்தார். 1980-களின் இறுதியில் அது பந்தயத்துக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, இஞ்சினை மாற்றுவதற்குக் கடும் வரம்பு. யாரிடம் நல்ல மேஸ்திரி இருக்கிறார் என்பதை விட, யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது தெரியவேண்டும் என்பது நோக்கம். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவை அருகே 2003-ல் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கரிவரதன் செய்தது நியாயமானதுதான், இளைஞர்களுக்கு அதனால் வழி திறந்தது. ஆனால் எமரித் தாளும் சட்டிக் கரியும் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதோடு வேலை குறைந்தது என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா? இப்போது சாலை வண்டியில் அவர்கள் கைவரிசையைக் காட்டவும் முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நன்கொடை கேட்டு வந்த மாணவர்களிடம் அவர்கள் இஞ்சினைப் பற்றிக் கேட்டேன். மாணவர் ஃபார்முலா போட்டிகளில் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டுமாம். கணினித் திரையில் காற்று ஓடும் பாதையை வண்ண வண்ணமாகக் காட்டினார்கள். வளைவு திரும்பும் இடத்தில் சிவப்பாக இருந்தது. "இங்கதான் சார் பிரச்சினை, எவ்வளவு வழவழப்பாக்கினாலும் குறையல" என்றான் ஒருவன். ஆற்றுத் தண்ணீர் திரும்புவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போகும்போது பிஸ்டனைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு அந்தப் பையன் கேட்டான்: "அப்புறம் அந்த ஹெரால்டு என்ன சார் ஆச்சு?"

ஓடியது. சீவிய இரும்பைத் திரும்ப ஒட்டமுடியாது, வேறு ஹெட் வாங்க யாரிடமும் பணம் இல்லை. மேஸ்திரி ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செம்புத் தகடு வாங்கி, கேஸ்கெட்டின் வடிவத்தில் உளியால் வெட்டி, நெருப்பில் காய்ச்சிப் பதப்படுத்தி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைத்து மூட்டினார். ஒரு மில்லிமீட்டர் என்றால் 40 தௌ. நான் சீவச் சொன்ன 80-ல் 40 திரும்பி வந்துவிட்டது. இரண்டு கார்புரேட்டரும் அவர் இழைத்த துளைகளும் அப்படியே இருந்தன. 1980-களின் நடுவில் நான் ஒருமுறை சிதம்பரம் போனபோது டாக்டர் என்னை அதில் கொள்ளிடம் வரை அழைத்துப் போனார். ஒரு பஸ்ஸைத் தாண்டியபோது காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். தட்டவே இல்லை. "மேஸ்திரி ஒரு தடவை தப்புப் பண்ணினாலும் அப்புறம் சரியாப் பண்ணிட்டாரு, பாத்தியா?" என்றார் டாக்டர். ஆமாம் சார் என்றேன். இருவரும் இப்போது இல்லை.